ஸ்டீல் மாடல் மட்டும் தனியா போய் நிக்குது, அவசர உதவி!

சைட்மாடல்: வணக்கம், ஒரே பில்டிங்குக்கு மூணு கம்பெனி பண்ணின 3டி மாடலையும் நேவிஸ்வொர்க்ஸ்ல (மாடல்களை ஒண்ணா சேர்த்துப் பார்க்கிற சாஃப்ட்வேர்) சேர்த்தா ஸ்டீல் மட்டும் எங்கயோ தூரத்துல போய் நிக்குது, நாளைக்கு கிளாஷ் ரிப்போர்ட் (எது எதோட இடிக்குதுங்கிற லிஸ்ட்) கொடுக்கணும், என்ன பண்றது?

கம்பிகட்டி: ஸ்டீல் எந்த சாஃப்ட்வேர்ல வரைஞ்சது? ஐஎஃப்சியா (வேற வேற சாஃப்ட்வேருக்கு நடுவுல மாடலை மாத்திக்கிற பொது ஃபைல்) வந்துச்சா, எந்த வெர்ஷன்? நகர்ந்து மட்டும் இருக்கா, திரும்பியும் இருக்கா?

டக்ட்லைன்: யூனிட்டைப் பாருங்க. ஒருத்தர் மில்லிமீட்டர், ஒருத்தர் மீட்டர், எப்பவும் இதே கதைதான்.

கம்பிகட்டி: யூனிட் தப்புன்னா பில்டிங்கே 1000 மடங்கு பெருசாவோ சின்னதாவோ தெரியுமே.

மூத்தபிம்: பிம் (பில்டிங்கை தகவலோட 3டி மாடலா பண்றது) வேலைக்கான ஐஎஸ்ஓ 19650 தரத்தோட முதல் ரெண்டு பாகமும் 2018லயே வந்தாச்சு. ஒரு கோடு போடுறதுக்கு முன்னாடியே பிஇபில (பிம் வேலையை எப்படிப் பண்றதுன்னு எழுதுற திட்டம்) கோஆர்டினேட், அதாவது எல்லாரும் எந்தப் புள்ளியிலருந்து அளக்கணும்னு, முடிவாகணும். அடிப்படையே படிக்காம கோஆர்டினேஷனுக்கு வந்துடறாங்க.

டக்ட்லைன்: சார், அந்த பிஇபி எழுதுறப்போ எங்களை மாதிரி சப் கான்ட்ராக்டரை யாரு கூப்பிடுறா? ஆர்டர் கைக்கு வந்தப்புறம்தான் கண்ணுலயே காட்டுறாங்க. லைசென்ஸ், ட்ரெயினிங் செலவு எங்க தலையில, கிளாஷ் குறைஞ்சு மிச்சமாகுற காசு மெயின் கான்ட்ராக்டருக்கு.

மூத்தபிம்: ரீவொர்க் குறைஞ்சா உங்களுக்கும் லாபம்தானே.

டக்ட்லைன்: கான்ட்ராக்ட்ல பிடிஎஃப் டிராயிங்தான் செல்லும்னு போட்டிருக்கு, அப்போ மாடலும் பண்ணணும் டிராயிங்கும் தனியா பண்ணணும், இதுல எங்க சார் லாபம்? டெண்டர்லயே மாடலிங்குக்கு தனி ரேட் வச்சா மறுபேச்சு பேசாம பண்ணுவோம்.

சைட்மாடல்: ஸ்டீல் வரைஞ்சது டெக்லா சாஃப்ட்வேர்ல, வந்தது ஐஎஃப்சி 2எக்ஸ்3 வெர்ஷன். சைஸ் சரி, திரும்பியும் இருக்கு. மத்த ரெண்டு மாடலும் ரெவிட் சாஃப்ட்வேர்.

கம்பிகட்டி: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். ரெவிட்காரங்க ஷேர்டு கோஆர்டினேட்ல (எல்லாருக்கும் பொதுவான இட அளவு) எக்ஸ்போர்ட் பண்ணியிருப்பாங்க, ஸ்டீல் டெக்லாவோட மாடல் ஆரிஜின்லயே (அதோட சொந்த 0 புள்ளி) வந்திருக்கும். ஆர்க்கிடெக்ட்கிட்ட சர்வே பாயிண்டோட (சைட்ல அளந்து வச்ச புள்ளி) ஈஸ்டிங் (கிழக்கு அளவு), நார்த்திங் (வடக்கு அளவு), உயரம், ட்ரூ நார்த் (நிஜ வடக்கு) கோணம் நாலையும் எழுத்துல வாங்குங்க. டெக்லால அதை வச்சு பேஸ் பாயிண்ட் உருவாக்கி, ஐஎஃப்சி எக்ஸ்போர்ட்ல அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. நேவிஸ்வொர்க்ஸ்ல கையால நகர்த்தி ஒட்ட வைக்காதீங்க, அது உங்க ஃபைலோட நின்னுடும், ஃபேப்ரிகேட்டரோட (ஸ்டீல் செஞ்சு தர்றவங்க) ஐஎஃப்சி அப்படியேதான் இருக்கும். அப்புறம் எல்லாரும் ஒரே கிரிட் (தூண் வரிசைக் கோடுகள்) சந்திப்புல ஒரு சின்ன பெட்டி மாடல் பண்ணட்டும், நாளைக்கு யாரு நகர்ந்தாலும் அதை வச்சு உடனே கண்டுபிடிச்சுடலாம்.

மூத்தபிம்: இதைத்தான் நானும் பிஇபின்னு சொன்னேன்.

டக்ட்லைன்: அவரு வழி சொன்னாரு, நீங்க பாகம் நம்பர் சொன்னீங்க.

சைட்மாடல்: பேஸ் பாயிண்ட் போட்டு அனுப்பினாங்க, கிரிட் உக்காந்துடுச்சு, நன்றி. லெவல் மட்டும் இன்னும் ஒத்து வரல.

கம்பிகட்டி: எவ்வளவு வித்தியாசம்? ஒருத்தர் தரைத்தளத்தை 0னு வச்சு, இன்னொருத்தர் கடல் மட்டத்துலருந்து எடுத்திருந்தா இப்படித்தான் வரும். நம்பரைப் போடுங்க.