வலி இல்லை, வழி இல்லை

குழு: நாம் எல்லோரும்

காலை 6:48

செந்தில்: அனைவருக்கும் வணக்கம். அப்பா நலமாக இருக்கிறார். இப்போதுதான் விழித்து, நான் ஏன் சவரம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டார். நேற்றிரவு 11:40க்கு நான் எழுத நினைத்தது 'அறுவை முடிந்தது, அப்பாவுக்கு இனி வலி இல்லை' என்பது. ஆங்கில எழுத்தில் அவசரமாக அடித்ததால் நீங்கள் அதை 'இனி வழி இல்லை' என்று படித்திருக்கிறீர்கள். அனுப்பிய கையோடு தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் 41 தவறிய அழைப்புகள் இருக்கின்றன.

மலர்: நான் இரயிலில் வந்துகொண்டிருக்கிறேன்.

செந்தில்: இப்போது எதற்கு வருகிறாய்?

மலர்: உன் செய்தியை நீயே இன்னொரு முறை படித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேள்.

கோமதி: சுந்தரம் நன்றாக இருக்கிறான் என்று சத்தியமாகச் சொல், செந்தில். இரவெல்லாம் அழுது எனக்குக் கண் திறக்கவில்லை.

செந்தில்: சத்தியமாக நன்றாக இருக்கிறார், அத்தை.

மலர்: தவறாக எழுதிவிட்டாய், சரி. உடனே திருத்தியிருக்கலாமே?

செந்தில்: அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் மட்டுமே திருத்த முடியும். நான் 5 நிமிடங்களில் தூங்கிவிட்டேன்.

ரகு: இந்தக் குழுவில் நேற்றிரவு நிம்மதியாகத் தூங்கிய இன்னொருவன் நான்தான். என் கைபேசியில் திரையை வாசிக்கும் குரல், தமிழெழுத்தைத் தமிழாகவும் ஆங்கில எழுத்தை ஆங்கிலமாகவும் படிக்கும். தம்பியின் செய்தியை அந்த ஆங்கிலக் குரல் மருந்துகளின் பெயரை அடுக்குவதுபோல ஒப்பித்து முடித்தது. யாரோ அனுப்பிய விளம்பரம் என்று நினைத்து மூடிவிட்டேன்.

காலை 7:05

சபாபதி: செந்திலை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. தமிழின் 247 எழுத்துகளை 26 எழுத்துகளுக்குள் திணிக்கும்போது ல, ள, ழ ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே எழுத்தில் போய் ஒடுங்குகின்றன, ந, ன, ண ஆகிய மூன்றும் இன்னொன்றில் ஒடுங்குகின்றன, குறிலுக்கும் நெடிலுக்கும் வேற்றுமையே இல்லாமல் போகிறது. ஆகவே அவன் அடித்த அந்த நான்கு எழுத்துகளை வலி, வழி, வளி, வாலி, வாளி, வாழி என்று ஆறு விதமாகப் படிக்கலாம், அவற்றுள் எதைப் படிப்பது என்பதைப் படிப்பவரின் அச்சமே முடிவு செய்கிறது.

மலர்: 'வாழி' என்றும் படித்திருக்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பெரியப்பா.

சபாபதி: இந்தப் பழக்கம் சோம்பலால் மட்டும் வந்ததன்று. ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட்டுகளே அடங்கும். ஆங்கிலமானால் அதற்குள் 160 எழுத்துகளை எழுதலாம், தமிழானால் 70தான், அந்த எழுபதிலும் 'கொ' என்பது இரண்டாகக் கணக்காகிவிடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் தனித்தனி எண் தரும் யூனிகோடின் முதல் பதிப்பு வெளிவந்த 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் அதில் இடம்பெற்றுவிட்டது என்றாலும், நாம் வைத்திருந்த பழைய கைபேசிகளில் தமிழ்ச் செய்தி வந்தால் வெறும் கட்டங்கள்தாம் தெரிந்தன. அந்தக் காலத்தில் பழகிய விரல் இன்னும் மாறவில்லை.

ரகு: அப்பா, இரயிலில் பதறிக்கொண்டு வருபவளுக்கு இப்போது யூனிகோட் வரலாறு தேவையா?

மலர்: சொல்லட்டும், அண்ணா. இன்னும் நான்கு மணி நேரப் பயணம் இருக்கிறது. இனித் தூக்கமும் வராது.

சபாபதி: ஆகவே ஒரு முடிவுக்கு வருவோம். இன்றிலிருந்து இந்தக் குழுவில் தமிழைத் தமிழெழுத்தில் மட்டுமே எழுத வேண்டும், அதுவும் அரைகுறையாக இல்லாமல் முழு வாக்கியமாக எழுத வேண்டும்.

வானதி: பெரிய மாமா, அண்ணனை மறந்துவிட்டீர்கள்.

காலை 7:21

அருண்: நான் இதை வாயால் சொல்லி, கைபேசி எழுத்தாக்கியதை அனுப்புகிறேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னால் படித்துப் பார்க்க முடியாது. எனக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், ஆங்கில எழுத்தில் இருந்தாலும் தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவேன், தமிழெழுத்து மட்டும் தெரியாது. உங்கள் செய்திகளைக் கைபேசியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமா சொல்லும் விதி வந்தால், இந்தக் குழுவில் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ரகு: அந்த இடத்தில் நான் ஏற்கெனவே இருக்கிறேன், மச்சான். உனக்கும் கொஞ்சம் இடம் தருகிறேன்.

சபாபதி: பிள்ளைக்கு எழுத்தும் கற்றுக்கொடு என்று நான் அன்றே சொன்னேன்.

கோமதி: இதை இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குச் சொல்லப்போகிறீர்கள், அண்ணா? வேலைக்குப் போய்விட்டு வந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் பேச்சையாவது காப்பாற்றிக் கொடுத்தது நான் ஒருத்திதான். தொலைபேசியில் அவன் உங்களிடம் பேசும் தமிழ் அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான்.

செந்தில்: அப்படியானால் முக்கியமான செய்திகளைக் குரல் பதிவாக அனுப்பிவிடலாமா? எந்த எழுத்து என்ற தொல்லையே இருக்காதே.

வானதி: உன் அம்மாவுக்கே காது சரியாகக் கேட்காது, செந்தில். பார்வதி அத்தை குரல் பதிவு வந்தால் அதன் மேல் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சென்ற முறை துக்கச் செய்திக்கும் அதைத்தான் போட்டார்கள்.

செந்தில்: அதை மறந்தே போனேன்.

மலர்: அதனால்தான் அம்மா நேற்றிரவு உன் செய்தியைப் பார்த்தும் பதறாமல் இருந்தார்களா?

செந்தில்: அம்மா என் பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தார்கள்.

காலை 7:40

வானதி: எழுத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், நேற்றிரவு இந்தக் குழுவில் வேறொன்றும் நடந்தது. 11:52க்குக் கிளாரா ஆங்கிலத்தில் 'யாருக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு 37 செய்திகள் வந்திருக்கின்றன, அவற்றில் ஒன்றுகூட அவளுக்கான பதில் இல்லை. அண்ணன் இரவு வேலையில் இருந்ததால் கைபேசியை எடுக்கவில்லை. செந்திலின் செய்தியை அவள் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்திருக்கிறாள்; அது ஆங்கில எழுத்தைக் கண்டதும் அதையே அப்படியே திருப்பித் தந்திருக்கிறது. கூகுளின் மொழிபெயர்ப்பில் 2011ஆம் ஆண்டே தமிழ் சேர்ந்துவிட்டது, ஆனால் நாம் தமிழை வேறு உடையில் அனுப்பினால் அது என்ன செய்யும்? அழும் முகங்கள் வரிசையாக வந்துகொண்டிருக்க, யாருக்காக அழுகிறார்கள் என்றே தெரியாமல் அவள் விடியும்வரை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மலர்: நான் அவள் கேட்டதைப் பார்த்தேன். வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

ரகு: பதின்மூன்று பேரும் அப்படித்தான் நினைத்திருக்கிறோம்.

கோமதி: நானும் பார்த்தேன். எழுதத் தொடங்கி மூன்று முறை அழித்தேன். என் ஆங்கிலத்தைப் பார்த்து மருமகள் என்ன நினைப்பாளோ என்று கை ஓடவில்லை. இதை இங்கே சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வானதி: இரண்டு சொற்களில் பெயரையும் நிலைமையையும் எழுதியிருந்தால் போதும், அம்மா. அவள் இலக்கணத் தேர்வு வைக்கவில்லை.

கோமதி: இந்தக் குழுவில் தேர்வு வைப்பவர்கள் இருக்கிறார்கள். ரகுவுக்கு வேலை கிடைத்தபோது நான் 'வாழ்த்துக்கள்' என்று எழுதினேன். அத்தனை பேர் முன்னிலையிலும் என்ன பதில் வந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சபாபதி: 'வாழ்த்துகள்' என்பதே சரி. எழுத்து, எழுத்துகள், வாழ்த்து, வாழ்த்துகள்.

கோமதி: பார்த்தீர்களா?

ரகு: அப்பா, வேலை எனக்குத்தான் கிடைத்தது, எனக்கு அந்த 'க்' உறுத்தவில்லை. அத்தை அதன் பிறகு எட்டு மாதம் இந்தக் குழுவில் ஒரு வரிகூட எழுதவில்லை.

சபாபதி: நான் பிழையைத்தான் சுட்டினேன், அவளையல்ல.

மலர்: தனியாகச் சுட்டியிருக்கலாம், பெரியப்பா. இந்தக் குழுவில் நான்கைந்து பேர் எழுதாமல் படிக்க மட்டும் செய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

காலை 8:03

சபாபதி: திருத்துவதை விட்டுவிடுகிறேன். அப்படியானால் இன்னொன்றையும் பேசிவிடுவோம். சென்ற மாதம் அருணும் வானதியும் இதே குழுவில் ஆங்கிலத்தில் இருபது வரி பேசிக்கொண்டார்கள். என்னால் அதைப் படிக்க முடியும் என்பது வேறு. படிக்க முடியாத பார்வதிக்கும் இன்னும் சிலருக்கும் அது, கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கையில் இருவர் மட்டும் காதோடு காது வைத்துப் பேசுவது போலத்தான் இருந்திருக்கும்.

கோமதி: அது என்னைப் பற்றிய பேச்சு என்று எனக்குத் தெரியும். என் பெயர் மட்டும் ஆறு இடத்தில் இருந்தது.

அருண்: அம்மா, அது உங்கள் கண் கண்ணாடியைப் பற்றிய பேச்சு. பழைய சட்டத்தை வைத்துக்கொள்வதா, புதியது வாங்குவதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

கோமதி: கண்ணாடியைப் பற்றிப் பேச என் பெயர் ஆறு முறை எதற்கு?

வானதி: அது தவறுதான். இருவருக்குள் பேச வேண்டியதைத் தனியே பேசியிருக்க வேண்டும். ஆனால் மாமா, கிளாராவுக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அத்தைக்குப் புரிவதில்லை, அத்தைக்காகத் தமிழில் எழுதினால் கிளாரா வெளியே நிற்கிறாள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வாசலில் நிற்கத்தான் போகிறார். ஒரே ஆள் தினமும் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று தோன்றுகிறது.

ரகு: உடல்நலம், பிறப்பு, இறப்பு, பயண நேரம் ஆகியவற்றை மட்டும் தமிழெழுத்தில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் போடலாம். யாருக்கு, என்ன, இப்போது எப்படி என்ற மூன்றும் அந்த வரியில் இருந்தால் போதும். அரட்டையை அவரவர் விருப்பம்போல் அடிக்கட்டும்.

செந்தில்: அந்த ஆங்கில வரியை யார் எழுதுவது?

கோமதி: வானதி எழுதட்டும்.

சபாபதி: வானதியே எழுதலாம்.

வானதி: ஒன்பது வயதில் வங்கிப் படிவத்திலிருந்து எனக்கு இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. மருத்துவர் சொன்னதை அம்மாவிடமும், அம்மா சொன்னதை மருத்துவரிடமும், சொல்லக் கூடாததை இருவரிடமும் சொல்லாமலும் வளர்ந்தவள் நான். நேற்றிரவு ஒரு நாள் நான் பத்து மணிக்கே தூங்கினேன், இவ்வளவும் நடந்துவிட்டது.

ரகு: அப்படியானால் செய்தியை அனுப்புபவரே எழுதட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும்.

காலை 8:19

கிளாரா: மாமா, நீ பொறுமையாக விளக்கினாய். எனக்குப் புரிந்தது. சுந்தரம் நலமாக இருக்கிறான் என்று அறிந்து மகிழ்ந்தேன். நன்றி.

செந்தில்: அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்ததில் தையல் இழுக்கிறது என்கிறார்.

வானதி: பெரிய மாமா, தயவுசெய்து தவறாக நினைக்காதீர்கள். எல்லாவற்றையும் கருவியில் போட்டுப் படித்துவிட்டு, தன் பதிலையும் அதிலேயே தமிழாக்கியிருக்கிறாள். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. அந்தக் கருவிக்கு நீங்கள் வயதில் பெரியவர் என்பது எப்படித் தெரியும்? நான் அவளிடம் சொல்லித் திருத்தச் சொல்கிறேன்.

சபாபதி: யாரும் எதையும் திருத்த வேண்டாம். அண்ணன் போன பிறகு என்னை 'நீ' என்று அழைக்க ஆளே இல்லாமல் இருந்தது.

கோமதி: சிறு வயதில் நான் அழைத்தேனே. அடிக்க வந்தீர்கள்.

ரகு: அப்படியானால் நானும் இனி,

சபாபதி: நீ வேண்டாம்.

மலர்: இரயில் சுரங்கத்துக்குள் போகிறது. நான் திரும்பி வருவதற்குள் ஒரு முடிவாவது எடுத்து வையுங்கள்.

செந்தில்: மருத்துவர் அடுத்த அறையில் இருக்கிறார், இங்கே வரப்போகிறார். அவர் சொல்வதை எப்படி அனுப்பட்டும்?

ரகு: தமிழெழுத்தில் எழுது.

அருண்: குரலிலும் ஒன்று போட்டுவிடு.

வானதி: ஆங்கிலத்தில் ஒரு வரி மறக்காதே, நீயே எழுது.

மலர்: முதலில் என்னைத் தொலைபேசியில் கூப்பிடு. என் அப்பாவைப் பற்றிய செய்தியை இனிமேல் நான் பதின்மூன்று பேரோடு சேர்ந்து படிக்க மாட்டேன்.

செந்தில்: சுரங்கத்தில் உனக்கு அழைப்பு வராதே?

மலர்: இந்தச் செய்தி வந்ததல்லவா?

காலை 8:34

சபாபதி குழுவின் விளக்கத்தை மாற்றினார்.

ரகு: அப்பா, எனக்கு இதைக் குரல் படித்துக் காட்டியது. முதல் இரண்டு வரிகள் நாம் பேசியவைதான். மூன்றாவது வரியில் 'வாழ்த்துகள்' எப்படி வந்தது?

சபாபதி: அது எடுத்துக்காட்டு. ஒருவரையும் குறிப்பிடவில்லை.

கோமதி: சுந்தரம் வீடு திரும்பும் நாளில் நான் என்ன எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியும், அண்ணா. அந்த 'க்'கோடுதான் எழுதுவேன்.