சானியா மிர்சா: கிராண்ட்ஸ்லாம் மூன்றா, ஆறா? பட்டம் 43ஆ, 47ஆ?

ஈரோடு_கவி:

பள்ளி நூலகச் சுவரில் ஒட்ட, சானியா மிர்சாவின் டென்னிஸ் வாழ்க்கையை ஒரே சார்ட்டில் எழுத வேண்டும். எண்கள்தான் ஒத்துவர மாட்டேன் என்கின்றன. ஓரிடத்தில் கிராண்ட்ஸ்லாம் (நான்கு பெரிய போட்டிகளின் பட்டம்) 6 என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் 3. மொத்தப் பட்டங்களுக்கு 43, 44, 47 என்று மூன்று கணக்கு. "உலக நம்பர் ஒன்" என்று எழுதிய அதே பக்கத்தில் "அதிகபட்சத் தரவரிசை 27" என்றும் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்ளப் போவது, தப்பு வரக் கூடாது. எதை எப்படி எழுத வேண்டும், எந்த ஆண்டுகளை விடக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேஸ்லைன்_பாண்டி:

நீங்கள் பார்த்த எண்கள் எல்லாமே சரிதான், எதை எண்ணினார்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். சார்ட்டை ஒற்றையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என்று மூன்று பத்தியாகப் பிரித்துவிட்டால் குழப்பமே வராது.

ஒற்றையரில் டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் டென்னிஸ் சங்கம்) பட்டம் ஒன்றே ஒன்று. 2005 பிப்ரவரி, ஹைதராபாத். இறுதியில் உக்ரைனின் அல்யோனா பொண்டாரென்கோவை 6-4, 5-7, 6-3 என்று வென்றார். டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற வரியை இங்கே எழுதுங்கள். அதிகபட்சத் தரவரிசை 27 என்பதும் ஒற்றையருக்கானது. அதை எட்டிய தேதி 2007 ஆகஸ்ட் 27, அதனால் பிள்ளைகளுக்கு மறக்காது.

பெண்கள் இரட்டையரில் 43 பட்டங்கள். முதலாவது 2004இல் அதே ஹைதராபாத்தில் லீசல் ஹூபருடன், கடைசி 2021இல் ஆஸ்ட்ராவாவில் சீனாவின் ஜாங் ஷுவாயுடன். மூன்று கிராண்ட்ஸ்லாம்கள் இந்த 43க்குள்ளேயே அடக்கம்: விம்பிள்டன் 2015, அமெரிக்க ஓப்பன் 2015, ஆஸ்திரேலிய ஓப்பன் 2016. மூன்றிலும் ஜோடி மார்ட்டினா ஹிங்கிஸ்.

கலப்பு இரட்டையரிலும் மூன்று கிராண்ட்ஸ்லாம்: ஆஸ்திரேலிய ஓப்பன் 2009, பிரெஞ்சு ஓப்பன் 2012 (இரண்டும் மகேஷ் பூபதியுடன்), அமெரிக்க ஓப்பன் 2014 (பிரேசிலின் புரூனோ சோரஸுடன்). கலப்பு ஆட்டத்துக்குத் தரவரிசைப் புள்ளி கிடையாது. 43 என்ற கணக்கிலும் அது சேராது. பலர் இடறி விழுவது இங்கேதான்.

ஆக, 43 பெண்கள் இரட்டையர். ஒற்றையர் ஒன்றைச் சேர்த்தால் 44, கலப்பு மூன்றையும் சேர்த்தால் 47. கிராண்ட்ஸ்லாம் 3 + 3 = 6. 43உடன் ஆறையும் கூட்டி 49 என்று எழுதிவிடாதீர்கள், மூன்று பட்டங்கள் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும். ஆசிய விளையாட்டுத் தங்கங்களும் (கலப்பு இரட்டையர், 2006இல் லியாண்டர் பயஸுடன், 2014இல் சாகேத் மைனேனியுடன்) இந்த 47இல் வராது, தனி வரியாகப் போடுங்கள்.

2003 விம்பிள்டனில் ரஷ்யாவின் அலிசா கிளெய்பனோவாவுடன் வென்றது ஜூனியர் பட்டம். "ஜூனியர்" என்ற சொல் விடுபட்டால் ஏழாவது கிராண்ட்ஸ்லாம் முளைத்துவிடும்.

நெட்_பக்கம்:

நம்பர் ஒன் விஷயத்தை நான் சொல்கிறேன். ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் தரவரிசைப் பட்டியலே வேறு வேறு. இரட்டையர் பட்டியலிலும் ஜோடிக்கு ஒரு இடம் என்று கொடுப்பதில்லை, ஆளுக்கு ஆள் தனி இடம்தான். கடைசி 52 வாரங்களில் ஒருவர் எடுத்த புள்ளிகளைக் கூட்டுவார்கள். போன ஆண்டு இதே வாரம் வாங்கிய புள்ளி இந்த ஆண்டு அந்த வாரம் வந்ததும் கழிந்துவிடும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு சானியாவின் ஏற்றமும் இறக்கமுமே நல்ல பாடம். 2015 மார்ச்சில் ஹிங்கிஸுடன் சேர்ந்தார். இந்தியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று சேர்ந்து ஆடிய முதல் மூன்று போட்டிகளையும் வென்றார்கள். சார்ல்ஸ்டன் இறுதியில் டெல்லாக்குவா - யூராக் ஜோடியை 6-0, 6-4 என்று முடித்த மறுநாள், 2015 ஏப்ரல் 13, சானியா முதலிடம். டென்னிஸில் அந்த இடத்தைப் பிடித்த முதல் இந்தியப் பெண்.

இறங்கிய வாரம்தான் விசேஷம். 2017 ஜனவரியில் பிரிஸ்பேனில் அமெரிக்காவின் பெத்தனி மாடெக்-சாண்ட்ஸுடன் சேர்ந்து பட்டம் வென்றார். வென்ற வாரமே முதலிடம் கைவிட்டுப்போனது, போனதும் அதே மாடெக்-சாண்ட்ஸுக்கு! காரணம், முந்தைய ஆண்டும் பிரிஸ்பேன் பட்டம் சானியாவுடையது (ஹிங்கிஸுடன்). பழைய புள்ளி கழிந்து புதியது அதே இடத்தில் உட்கார்ந்ததால் அவருக்கு ஏற்றம் எதுவும் இல்லை, கூட ஆடியவருக்கு இருந்தது. அதுவரை மொத்தம் 91 வாரம் முதலிடத்தில் இருந்தார். எனவே "உலக நம்பர் ஒன்" என்று மட்டும் எழுதாமல் "இரட்டையர் தரவரிசையில் 91 வாரம் முதலிடம்" என்று எழுதுங்கள்.

கட்டாயம் சேர்க்க வேண்டிய இன்னோர் எண் 41. 2015 அமெரிக்க ஓப்பன் முதல் 2016 பிப்ரவரி வரை சானியா - ஹிங்கிஸ் ஜோடி தொடர்ந்து வென்ற ஆட்டங்கள் அவை. தோஹாவில் கசாட்கினா - வெஸ்னினா ஜோடியிடம் அது முடிந்தது. வழக்கமான டபிள்யூ.டி.ஏ. போட்டிகளில் இரட்டையருக்கு டியூஸில் (40-40 சமநிலையில்) கேமை முடிக்க ஒரே புள்ளி, மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 புள்ளி டை-பிரேக். இரண்டு மூன்று பந்து தவறினால் நல்ல ஜோடியும் வெளியே போய்விடும். அப்படிப்பட்ட ஆட்ட முறையில் 41 வந்ததால்தான் அதை நான் கிராண்ட்ஸ்லாமுக்கு நிகராக மதிக்கிறேன்.

ஈரோடு_கவி:

ரொம்ப நன்றி, இப்போது தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். ஒற்றையரை ஏன் விட்டார்? "கிராண்ட்ஸ்லாமில் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் சானியா" என்று ஒரு பழைய குறிப்பில் இருக்கிறது, அதை எழுதலாமா?

கோவை_கோர்ட்:

எழுதாதீர்கள், அது தவறு. 1934 விம்பிள்டனிலேயே லீலா ராவ் ஒரு ஆட்டம் வென்றிருக்கிறார். 1968இல் ஓப்பன் காலம் தொடங்கிய பிறகு என்று பார்த்தால், 1998 ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்ற நிரூபமா வைத்தியநாதன்தான் முதல். கோயம்புத்தூரில் பிறந்தவர். நம்மூர்ப் பள்ளிச் சுவரில் அவர் பெயர் இல்லாமல் போகக் கூடாது, ஓரத்திலாவது ஒரு கட்டம் கொடுங்கள்.

சானியாவின் "முதல்" வேறு. 2005 ஆஸ்திரேலிய ஓப்பனில் வைல்ட் கார்டில் (அமைப்பாளர்கள் தரும் சிறப்பு இடத்தில்) நுழைந்து மூன்றாம் சுற்று வரை போனார். அங்கே செரீனா வில்லியம்ஸிடம் தோல்வி. அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் நான்காம் சுற்று, தோற்றது ஷரபோவாவிடம். ஒற்றையர் கிராண்ட்ஸ்லாமில் அவர் எட்டிய உயரம் அதுதான், நான்காம் சுற்றுக்குப் போன முதல் இந்தியப் பெண்ணும் அவர்தான். "நான்கு ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண்" என்று இன்னொரு வரியும் சுற்றுகிறது. ஷைனி வில்சன் 1984 முதல் 1996 வரை நான்கில் ஓடிவிட்டார், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒற்றையரை விட்டதற்கு உடம்புதான் காரணம். அவருடைய ஃபோர்ஹேண்டின் வேகம் கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டுவதில் இருந்தது. பந்து கிளம்பும் திசை எதிராளிக்குப் பிந்தித்தான் தெரியும். ஆனால் அத்தனை சுமையும் அந்த ஒரு மூட்டில் இறங்கும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒற்றையர் ஆட்டத்தைப் பாதியில் விட்டதும் வலது மணிக்கட்டு வலியால்தான். கூடவே முழங்கால் தொல்லை. ஒற்றையரில் முழு அகலத்தையும் ஒருவரே ஓடிக் காக்க வேண்டும், அவருடைய இரண்டாவது சர்வ் மெதுவாக விழுவதால் எதிராளி முன்னேறி வந்து அடிப்பார். இரட்டையரில் பாதிக் களம் கூட ஆடுபவருடையது, மெதுவான சர்வையும் வலையருகே நிற்பவர் காப்பாற்றுவார், ஃபோர்ஹேண்ட் மட்டும் முழு விலை போகும். 2013இல் ஒற்றையரை முற்றாக விட்டார். ஆறு கிராண்ட்ஸ்லாமில் நான்கு அதன் பிறகு வந்தவை. அந்த முடிவையே ஒரு மைல்கல்லாகப் போடலாம் என்பேன்.

பேஸ்லைன்_பாண்டி:

ஒரே ஒரு ஆட்டத்தை விரிவாக எழுத இடம் இருந்தால் 2015 ஜூலை 11, விம்பிள்டன் இறுதியை எழுதுங்கள். எதிரே ரஷ்யாவின் மகரோவா - வெஸ்னினா. முதல் செட் 5-7 என்று போனது, இரண்டாவது டை-பிரேக்கில் கிடைத்தது. மூன்றாவதில் 2-5 என்று பின்தங்கினார்கள். அங்கிருந்து மூன்று கேம் எடுத்து 5-5. வெளிச்சம் மங்கியதால் ஆட்டத்தை நிறுத்தி, சென்டர் கோர்ட் கூரையை மூடி, விளக்குப் போட்டார்கள். திரும்பி வந்து மீதி இரண்டு கேமையும் எடுத்து 7-5. பெண்கள் இரட்டையரில் கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனது அந்த இரவில்தான்.

அந்தப் பிரிவில் கிடைக்காமலே போனது பிரெஞ்சு ஓப்பன். 2011இல் வெஸ்னினாவுடன் இறுதிவரை போய் செக் ஜோடி ஹ்லவச்கோவா - ஹ்ரடெக்காவிடம் தோற்றார். 2016 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் அதே இருவரை வென்று கணக்குத் தீர்த்தார்.

நெட்_பக்கம்:

பிள்ளை பிறந்த பிறகு நடந்ததை விட்டுவிடாதீர்கள். 2018 அக்டோபரில் மகன். 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் நாடியா கிச்சனோக்குடன் திரும்பினார், ஆடிய முதல் போட்டியிலேயே பட்டம், அது 42ஆவது. ஆடாத காலத்தில் புள்ளிகள் கழிந்து தரவரிசையே இருக்காது. விலகியபோது இருந்த இடத்தைக் காட்டிப் போட்டியில் நுழைய ஒரு விதி உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அவர் போனது அப்படிக் காக்கப்பட்ட 9ஆம் இடத்தை வைத்துத்தான். அங்கே அங்கிதா ரெய்னாவுடன் முதல் சுற்றில் 6-0, 5-3 என்று முன்னே இருந்து தோற்றது இன்றைக்கும் வலிக்கிறது.

கடைசி இரண்டு வரி: 2023 ஜனவரி, ரோஹன் போபண்ணாவுடன் ஆஸ்திரேலிய ஓப்பன் கலப்பு இறுதி, இரண்டாமிடம். 2023 பிப்ரவரி 21, துபாய், மேடிசன் கீஸுடன் கடைசிப் போட்டி ஆட்டம்.