போன் நம்பர் ஃபீல்டுல நாட்டு கோடை எப்படி வாங்குறீங்க?

வணக்கம் மக்களே, பல நாட்டுக்காரங்க நிரப்பப்போற ஒரு ஃபார்ம் பண்ணிட்டு இருக்கேன், அதுல போன் நம்பர் ஃபீல்டு மட்டும் இழுத்துட்டே போகுது. இன்புட் டைப் 'டெல்'னு வச்சிருக்கேன், 'நம்பர்'னு வச்சா பிளஸ் குறி, முன்னாடி வர்ற பூஜ்யம் எல்லாம் காணாமப் போற ஆபத்து இருக்கு. ஒரே பாக்ஸ்தான், மூணா உடைச்சா பேஸ்ட் பண்றவங்க பாடு திண்டாட்டம்.

டீம்ல ஒருத்தர் ஸ்பேஸ், ஹைஃபன், பிராக்கெட் போட்டா எரர் காட்டணும்ங்கறார், எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல. மனுஷங்க நம்பரைப் பிரிச்சுதான் படிக்கிறாங்க, இடம் விட்டு அடிச்சா சரிபார்க்கவும் சுலபம், அதையெல்லாம் தூக்கிட்டு இ.164-ங்கற சர்வதேச போன் நம்பர் ஃபார்மட்ல (நாட்டு கோடோட சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம்) சேவ் பண்றது புரோகிராமோட வேலை.

மாட்டிக்கிட்டது நாட்டு கோடுலதான். கொடி போட்ட டிராப்டவுன் வச்சா லிஸ்ட் ரொம்ப நீளம், +1 அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பொது, +7 ரஷ்யாவுக்கும் கஜகஸ்தானுக்கும் பொது, அப்போ ஆட்டோஃபில் ஆகி வர்ற நம்பருக்கு எந்தக் கொடியக் காட்ட? டிராப்டவுனே வேணாம்னு விட்டா 0-ல ஆரம்பிச்சு உள்ளூர் நம்பர் அடிக்கிறவங்க எந்த நாடுன்னு தெரியாது, அந்த 0-வ கண்ண மூடிட்டு வெட்டவும் முடியாது, இத்தாலி லேண்ட்லைனுக்கு +39 போட்ட பிறகும் அது இருந்தாகணும்.

இத பண்ணி யூசர்ஸ வச்சு டெஸ்ட் பண்ணவங்க யாராவது இருக்கீங்களா? டிராப்டவுனா, ஒரே பாக்ஸா? ஸ்கிரீன் ரீடர்ல (பார்வையில்லாதவங்களுக்கு திரையப் படிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) எது ஒழுங்கா வேலை செய்யுது? போன் நம்பரை சரிபார்க்கிற கூகுளோட லைப்ரரி லிப்ஃபோன்நம்பர பிரவுசர்லயே ஓட்டுறீங்களா, சர்வர்ல மட்டுமா? ப்ளீஸ், தெரிஞ்சவங்க சொல்லுங்க.