லேட்டன்சிக்குத் ‘தாமதம்’ பொருந்துமா? ‘ஆகுநேரம்’ என்றொரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

என்எஃப்எஸ் (வலை வழியே கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) கோப்பு வழங்கியின் (செர்வர்) வேகக்குறைவைக் கண்டறியும் கையேட்டின் தமிழ் வரைவை முழுதும் படித்தேன். அதில் லேட்டன்சி, அதாவது ஒரு கோரிக்கை முடியப் பிடிக்கும் நேரம், வரும் இடமெல்லாம் ‘தாமதம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. இங்கே எழுதிய அன்பர்களில் ஒருவர் ‘மறைநேரம்’ என்றும் இன்னொருவர் ‘சுணக்கம்’ என்றும் மாற்றுச் சொற்கள் தந்திருக்கிறார்கள். மூன்றுமே இந்தக் கையேட்டுக்கு ஒத்துவரா என்பது என் கருத்து.

தாமதம் என்றால் உரிய நேரத்தைக் கடந்தது என்று பொருள். சென்னையில் இரவு பத்து மணிக்குப் புறப்பட்ட பேருந்து காலை ஆறு மணிக்கு மதுரை சேர்ந்தால் அந்த எட்டு மணி நேரத்தை யாரும் தாமதம் என்பதில்லை. ஏழு மணிக்குச் சேர்ந்தால்தான் ஒரு மணி நேரத் தாமதம். குறையேதும் இல்லாத வழங்கியிலும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு நேரம் பிடிக்கத்தான் செய்யும். அதைத் தாமதம் என்று எழுதிவிட்டால், நேரத்தை அளந்து காட்டும் அளவியின் அட்டவணையில் ‘சராசரித் தாமதம் 1 மில்லிநொடி’ என்று காணும் புதியவர் ஏதோ பழுது இருப்பதாகவே எண்ணுவார். ‘மறைநேரம்’ ஆங்கிலச் சொல்லின் வேரைப் பெயர்த்தெடுத்தது. அளவி எண்ணாகக் காட்டும் ஒன்றில் மறைந்திருப்பது எதுவுமில்லை. ‘சுணக்கம்’ நல்ல சொல், ஆனால் அது நோயின் பெயர். ‘மதியத்திலிருந்து வழங்கி சுணங்குகிறது’ என்று எழுத அதை வைத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை ‘ஆகுநேரம்’. ‘இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று நாம் அன்றாடம் கேட்கும் கேள்வியிலிருந்தே அது வருகிறது. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ‘ஆகுபெயர்’ என்பதை இலக்கண வகுப்பில் கேட்டவர்களுக்கு இதன் அமைப்பு புதிதன்று. முதலில் ‘பிடிநேரம்’ என்பதைத்தான் கருதினேன். கோப்புப் பிடி (கோப்பை அடையாளம் காட்டும் குறி, ஃபைல் ஹேண்டில்), காலாவதியான கோப்புப் பிடி என்னும் வழக்குகள் இதே கையேட்டில் வருகின்றன. பூட்டைப் பிடித்து வைத்திருக்கும் நேரமும் வேறோர் அத்தியாயத்தில் வருகிறது. குழப்பம் நிச்சயம் என்பதால் அதை விட்டுவிட்டேன்.

இந்தச் சொல் தனியாக நிற்பதைவிடத் தன்னுள் அடங்கும் கூறுகளைப் பிரித்துக் காட்டுவதுதான் கையேட்டுக்கு முக்கியம். லினக்ஸ் வாங்கியில் (கோப்பைக் கேட்கும் கணினி, கிளையன்ட்) என்எஃப்எஸ்-ஐஓஸ்டாட் என்னும் அளவியை ஓட்டினால், ஒவ்வொரு ஏற்றப்புள்ளிக்கும் (வழங்கியின் கோப்புகள் வாங்கியில் இணைக்கப்படும் இடம்) படிப்பு, எழுத்து எனத் தனித்தனி வரிகளில் இரு வேறு சராசரி நேரங்கள் வரும். ஒன்று, வாங்கியின் கருனி (இயங்குதளத்தின் மையப்பகுதி, கெர்னல்) கோரிக்கையை வலையில் அனுப்பிய கணத்திலிருந்து மறுமொழி வந்து சேரும் வரை. இதற்குப் ‘போய்வரு நேரம்’ என்பேன். மற்றொன்று, கோரிக்கை கருனியிடம் ஒப்படைக்கப்பட்டதிலிருந்து முற்றிலும் முடியும் வரை. போய்வரு நேரமும் இதற்குள் அடக்கம். இதற்கு ‘மொத்த ஆகுநேரம்’ பொருந்தும். கோரிக்கை வாங்கியிலேயே முறைக்காகக் காத்துக் கிடந்த நேரம் ‘வரிசைநேரம்’. அண்மைப் பதிப்புகள் இதையும் தனி நிரலாகத் தருகின்றன. மூன்றையும் ‘தாமதம்’ என்று மொழிபெயர்த்தால் நோயறிதலே தடம் மாறிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, போய்வரு நேரம் 2 மில்லிநொடி, மொத்த ஆகுநேரம் 180 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். வழங்கியும் வலையும் தம் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. கோரிக்கைகள் வாங்கியின் வாசலிலேயே குவிந்து நிற்கின்றன. பழைய லினக்ஸ் கருனிகளில் ஓர் இணைப்பில் ஒரே வேளையில் 16 அழைப்புகளுக்குத்தான் இயல்பாக இடம் இருந்தது என்பதால் இக்காட்சி அரிதன்று. இங்கே வழங்கியின் வட்டை மாற்றுவது வீண்செலவு. இரண்டு எண்களும் 180-ஐ ஒட்டி இருந்தால்தான் வலையையும் வழங்கியையும் பார்க்க வேண்டும். அப்போதும் வழங்கியின் சுமைச் சராசரியை (ஓடிக்கொண்டோ வட்டுக்காகக் காத்துக்கொண்டோ இருக்கும் பணிகளின் சராசரி எண்ணிக்கை) கண்டு மிரளத் தேவையில்லை. கோரிக்கைகளைக் கவனிக்கும் கருனி இழைகளின் (ஒரே வேளையில் இயங்கும் பணியாள்கள் போன்றவை) எண்ணிக்கை நெடுங்காலம் 8 என்பதே இயல்பிருப்பாக இருந்தது. அந்த எட்டும் வட்டின் பதிலுக்காக முடங்கிக் கிடந்தால், மையச் செயலகம் (சிபியு) சும்மா இருக்கும்போதே சுமை எட்டை நெருங்கும். இழைகளைக் கூட்டுவதால் வட்டு விரைந்துவிடாது; ஆனால் வட்டுக்கு இன்னும் வேலை ஏற்கும் தெம்பு இருந்து, இழைகள்தாம் போதவில்லை என்றால் கூட்டுவது உடனே பயன் தரும்.

எழுத்து ஆகுநேரத்தைத் தனியே எடுத்து முடிவுகட்டுவதும் தவறு என்பதைக் கையேடு சொல்ல வேண்டும். என்எஃப்எஸ் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பில் தரவை நிலையான சேமிப்பில் பதித்த பிறகே வழங்கி பதில் தர வேண்டும். 1995-இல் வெளியான மூன்றாம் பதிப்பு, முதலில் நினைவகத்தில் பெற்றுக்கொண்டு பதில் தந்து, பின்னர் ‘உறுதிசெய்’ என்னும் தனி அழைப்பு வரும்போது வட்டில் பதிக்க இடமளித்தது. ஆகவே எழுத்து வரி அழகாக இருந்து, உறுதிசெய் வரியில் ஆகுநேரம் வானைத் தொடுவதுண்டு. கோப்பை மூடும்போது மட்டும் பயன்பாட்டு நிரல் உறைந்து நிற்கிறது என்று பயனர் முறையிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

அகலப்பட்டை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்னும் நம்பிக்கையைக் குலைக்கவும் இச்சொல் உதவும். போய்வரு நேரம் 1 மில்லிநொடி, ஒரு சிறு கோப்பை உருவாக்கி, எழுதி, மூட ஐந்து அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவை என்று கொண்டால், 10,000 கோப்புகள் கொண்ட ஒரு காப்பகத்தை விரிக்க 50 நொடி ஆகும். வலை 1 கிகாபிட்டிலிருந்து 10 கிகாபிட்டுக்கு உயர்ந்தாலும் அந்த 50 நொடி ஏறக்குறைய அப்படியே இருக்கும். த்ரூபுட்டுக்கு (ஒரு நொடியில் முடியும் வேலையின் அளவு) வரைவில் உள்ள ‘செய்வீதம்’ எனக்கு உடன்பாடே.

‘தாமதம்’ தேவைப்படும் இடமும் உண்டு, அது மறுசெலுத்தம், அதாவது பதில் வராத கோரிக்கையை மீண்டும் அனுப்புவது. தொலைந்ததைத் தானே மீட்காத யூடிபி நெறிமுறை வழியாக 8 கிலோபைட்டு எழுத்து ஒன்று சாதாரண ஈதர்நெட்டில் போனால் ஆறு துண்டுகளாக உடையும். ஒரு துண்டு தொலைந்தால் மீதி ஐந்தும் வீண், முழுக் கோரிக்கையும் மீண்டும் போக வேண்டும். டிசிபி நெறிமுறையில் தொலைந்த துண்டை அந்த அடுக்கே மீட்டுத்தரும். ஆனால் மறுமொழியே வராவிட்டால் லினக்ஸ் வாங்கி இயல்பாக 60 நொடி பொறுத்த பின்னரே மீண்டும் கேட்கும். உரிய நேரம் கடந்துவிட்ட இந்த 60 நொடிக்குத் தாமதம் என்ற பெயர் முற்றிலும் தகும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ‘படிப்பு’, ‘எழுத்து’ ஆகியவற்றோடு சேர்த்து எழுதினால் ‘படிப்பாகுநேரம்’ என்று புணர்ந்து, படிப்பு ஆகும் நேரமா, படிப்பாக மாறும் நேரமா என்று மயங்க நேரும். ஆகவே ‘படிப்பு ஆகுநேரம்’ என்று பிரித்தே எழுத வேண்டும் என்ற குறிப்பு சொற்பட்டியலில் இருக்கட்டும். ‘மறுமொழி நேரம்’ போதாதா என்று கேட்ட அன்பருக்கு: அது பயனர் திரையின் முன் காத்திருப்பதை உணர்த்துகிறது, ஒரே சொடுக்கின் பின்னால் நூறு அழைப்புகள் இருக்கலாம்.

எதிர்ப்பு இல்லையெனில் வரும் ஞாயிறன்று மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்த நான்கு சொற்களையும் இடுகிறேன். ‘வரிசைநேரம்’ என்பதை ‘காத்திருப்பு நேரம்’ என மாற்ற விரும்புவோர் அதற்குள் எழுதுங்கள். அட்டவணைத் தலைப்பில் இடம் குறைவு என்பதால்தான் குறுகிய வடிவத்தைத் தேர்ந்தேன்.