குதிகாலில் முள், கையில் ஜெல்லிமீன்: மால்டாவில் இருந்து ஒரு உதவி வேணும்

ஸ்லீமா கடலோரம் முழுக்க சுண்ணாம்புப் பாறை. இடுக்கில் கால் வைத்தால் கடல் முள்ளெலி. வீட்டுக்காரர் குதிகாலில் ஏழு முள். பொறுக்கும் சூட்டு வெந்நீரில் (45 டிகிரிக்கு மேல் வேண்டாம்) அரை மணி நேரம் ஊறவைத்ததும் வலி அடங்கியது. நீட்டிக்கொண்டிருந்த நான்கை இடுக்கியால் நேராக இழுத்தாச்சு. சாய்த்து இழுத்தால் உள்ளேயே முறிந்துவிடும். மீதி மூன்று கரும்புள்ளியாகத் தெரிகிறது. முள் விட்ட வெறும் சாயம் என்றால் இரண்டு மூன்று நாளில் மறையணும். இன்று நான்காம் நாள். காய்ச்சல், சீழ் இல்லை. டெட்டனஸ் ஊசி போன வருடம் போட்டது. வினிகர் ஒத்தடம் தொடரலாமா, டாக்டரிடம் காட்டலாமா?

என் முன்கையில் ஊதா ஜெல்லிமீன். சமையல் சோடாவும் கடல்நீரும் சம அளவு குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் அட்டையால் வழித்தோம். நல்ல தண்ணீர் பட்டால் மிச்சமிருக்கும் கொட்டுச் செல்களும் வெடிக்கும். (அவர் பதறிப்போய் முதலில் ஊற்றியது குடிதண்ணீர் பாட்டிலைத்தான்!) சிவந்த கோடு இன்னும் அரிக்கிறது. என்ன பூசலாம்?

நாளை மறுநாள் பக்கத்துக் கோமினோ தீவுக்குப் படகு. மெல்லிய அடியுள்ள நீச்சல் காலணியை முள் துளைத்துவிடும். தடித்த ரப்பர் அடியோடு, நொண்டும் காலுக்கும் பொருந்துகிற மாதிரி எந்த வகை வாங்கலாம்?