சாக்கடை பம்ப் ஹவுஸைத் திறக்க இளவரசரா?

குகைக்காரன்:
மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக லண்டன் தேம்ஸ் ஆற்றைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறோம். 1865 ஏப்ரல் 4 அன்று கிராஸ்னஸ் என்ற இடத்தில், ஆற்றோரம் கட்டிய சாக்கடை பம்ப் ஹவுஸை வேல்ஸ் இளவரசரே வந்து திறந்தாராம். சாக்கடைக்குப் போய் எதற்கு இத்தனை ராஜமரியாதை? மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அம்மாப்பேட்டை பெரியவர்:
தம்பி, பாதாளச் சாக்கடை வேலையிலேயே தலை நரைத்தவன் நான். எங்கள் தொழிலுக்கு மாலை விழுவது அபூர்வம், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றம் தாங்காமல், நாடாளுமன்ற ஜன்னல் திரைகளை பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதுவரை காலராவில் ஜனங்கள் செத்தபோது வராத பணம், உறுப்பினர்கள் மூக்கைப் பொத்தியதும் வந்துவிட்டது. இன்ஜினியர் ஜோசப் பாசல்ஜெட். ஆற்றில் நேராக விழுந்த சாக்கடைகளைக் குறுக்கே மறித்து, கழிவை ஊருக்குக் கிழக்கே கொண்டுபோவது அவர் திட்டம். முடிந்தவரை வாட்டத்திலேயே ஓடவிட்டார். கிராஸ்னஸ் வந்து சேரும்போது குழாய் ரொம்ப ஆழத்தில் இருக்கும். அங்கே நான்கு நீராவி இன்ஜின்கள் கழிவை மேலே இறைத்துத் தொட்டியில் நிரப்பும். கடல் ஓதம் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறப்பார்கள்.

இன்ஜின்களின் பெயர்: விக்டோரியா, பிரின்ஸ் கன்சார்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்சாண்ட்ரா. மூன்றாவது அந்த இளவரசர் பெயர், நான்காவது அவர் மனைவி பெயர். அப்புறம் வராமல் இருப்பாரா?

ஏற்காடு மிளகு:
பெரியவர் ஒன்றை விட்டுவிட்டார். விழா நடந்த மறு வருஷமே, 1866இல், கிழக்கு லண்டனில் காலரா வந்து ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அந்தப் பக்கத்துக்கான ஏபி மில்ஸ் பம்ப் ஹவுஸ் 1868இல்தான் ஓட ஆரம்பித்தது. கிராஸ்னஸிலும் சுத்திகரிப்பு என்று எதுவும் கிடையாது, அப்படியே ஆற்றில்தான். எங்கள் மலையில் தெளிவாகக் கிளம்பும் திருமணிமுத்தாறு ஆட்டையாம்பட்டி போகும்போது எப்படி இருக்கிறது? கீழே இருப்பவன் தலையில் கட்டுவது லண்டனிலும் நடந்ததுதான்.

அம்மாப்பேட்டை பெரியவர்:
மறுக்கவில்லை சாமி. 1878இல் பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணிகள் கப்பல் அந்தக் கழிவு விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே மூழ்கி, 600 பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகுதான் கசடைப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் கீழே தள்ளுவதுதான், இன்னும் கொஞ்சம் தூரமாக.

குகைக்காரன்:
நன்றி ஐயா. மாடலுக்குத் தெர்மகோலில் நான்கு இன்ஜினும் செய்யச் சொல்கிறாள்.

அம்மாப்பேட்டை பெரியவர்:
இன்ஜின் ஒன்று போதும். வாட்டமாக ஒரு குழாய், மேலே ஒரு தொட்டி, ஒரு மதகு. குழாயை மட்டும் கண்ணாடிக் குழாயாக வாங்குங்கள், தண்ணீர் ஓடுவது தெரிய வேண்டும்.