பழைய வேனில் இக்னிஷன் காயில்: வீட்டிலேயே மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

என்னுடையது முன் சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் வேன். நாலு சிலிண்டர், பொறி விழ அதிக வோல்டேஜ் கொடுக்க ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் தெரியாது. கொஞ்சம் ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடாகி, மேடு ஏறும்போதுதான் வேலையைக் காட்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் இழுவை இருக்காது, வண்டியே உதறும், செக் எஞ்சின் லைட் மின்னும். லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதையும் காலி செய்துவிடும், அப்புறம் செலவு எங்கேயோ போய்விடும்.

வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் பி0303 என்ற கோட் வந்தது. மூன்றாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். பிளக்காக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், கம்ப்ரஷன் குறைவாகக்கூட இருக்கலாம், ஆனால் கோட் வந்ததுமே காயில் வாங்க ஓடுகிறவர்கள்தான் அதிகம். காசில்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு: மூன்றாவது காயிலை ஒன்றாவதிலும் ஒன்றாவதை மூன்றாவதிலும் மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் அந்த கோட் நம்பரை அழித்துவிட்டு, மறுபடி சூடேறும்வரை ஓட்டிப் பாருங்கள். எனக்கு பி0301 என்று வந்தது. காயில் போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போனால் அதற்கு மேல் சந்தேகம் எதற்கு?

மாற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும். பொறுமை வேண்டியது கனெக்டரில்தான். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், அதன் பூட்டு நாக்கை அழுத்தி இழுத்தால் பட்டென்று ஒடிந்து கையோடு வந்துவிடும். முதலில் கனெக்டரை உள்பக்கமாக லேசாகத் தள்ளுங்கள், பூட்டு தளரும், அதற்குப் பிறகு நாக்கை அழுத்தினால் சுலபமாக வரும். போல்ட்டைக் கழற்றியதும் காயிலை நேராக இழுக்காமல் இடமும் வலமும் திருகி ஒட்டை விடுவித்து எடுங்கள், இல்லையென்றால் காயிலின் அடியில் பிளக்கை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்து பாதி குழிக்குள்ளேயே தங்கிவிடும்.

வெளியே வந்த காயிலை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ரப்பரின் உள்பக்கம் மேலிருந்து கீழாக, பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. பிளக்கின் பீங்கானிலும் அதே இடத்தில் ஒரு கோடு. பிளக் நுனியில் பொறி விழாமல், அந்த வழியாக வெளியே குதித்து எஞ்சின் உடம்பில் இறங்கியிருக்கிறது. இப்படிக் கோடு விழுந்த பிளக்கை அப்படியே விட்டுப் புதுக் காயிலை மட்டும் மாட்டினால், புதுசிலும் சீக்கிரமே அதே கோடு விழும். பிளக் தேய்ந்து இடைவெளி கூடினால் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், காயில் சூடேறிச் சாவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் பிளக்கையும் சேர்த்தே மாற்றினேன். ரப்பரின் வாய்க்குள் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம், அவ்வளவுதான். மற்ற மூன்று காயிலும் நன்றாக இருந்தன, அவற்றைத் தொடவில்லை.

—

உங்களுடையது புது வண்டி சார்! என்னிடம் இருப்பது, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும், காயிலின் கரன்ட்டை விட்டுவிட்டு நிறுத்தும் பாயின்ட்டும் உள்ள பழசு, டப்பா மாதிரி ஒரே காயில். ஓடிக்கொண்டே இருக்கும்போது நிற்கும், ஆறவிட்டால் எதுவும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டர் வைத்தால் காயிலின் பிரைமரி சுற்று 3 ஓம், ரீடிங் சுத்தம். நின்ற கையோடு, தொட முடியாத சூட்டில் அளந்தால் சர்க்யூட்டே ஓப்பன், உள்ளே கம்பி அறுந்த மாதிரி. சூட்டில் அளக்காமல் காயில் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்.

கடைக்காரர் கொடுத்தது 1.5 ஓம் காயில், எல்லாம் ஒன்றுதான் என்றார். ஒன்று இல்லை. அது கரன்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் தனியாக உள்ள வண்டிக்கானது, என் வண்டியில் அது கிடையாது. அப்படியே போட்டால் கரன்ட் இரு மடங்கு இழுத்துப் பாயின்ட்டும் கருகும், காயிலும் வேகும். திருப்பிக் கொடுத்துவிட்டு 3 ஓம் வாங்கிப் போட்டேன். ஒயரைக் கழற்றும் முன் பிளஸ், மைனஸ் எது என்று டேப் ஒட்டி எழுதி வையுங்கள். மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடும், ஆனால் பொறி பலவீனமாக இருக்கும், பாரம் ஏற்றினால் திணறும், காரணம் லேசில் பிடிபடாது.

—

முதலில் எழுதியவர் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்ற மாதிரிச் சொல்கிறார். கை எட்டுகிற எஞ்சினுக்கு அது சரி. என் வேனில் வி6, மூன்று மூன்றாக இரண்டு வரிசை சிலிண்டர், பின் வரிசைக் காயில் மூன்றும் டேஷ்போர்டுப் பக்கம் ஒளிந்திருக்கின்றன, மேலே உள்ள, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றாமல் விரல்கூடப் போகாது. அவ்வளவையும் பிரித்துவிட்டு ஒரே ஒரு காயிலை மாற்றி மூடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை, பின் வரிசைக் காயில், பிளக் எல்லாமே புதுசு போட்டுவிட்டேன். பிளக் குழி ஒன்றில் ஆயில் தேங்கியிருந்தது, எஞ்சின் மேல்மூடியின் சீலான வால்வ் கவர் கேஸ்கெட் கசிவு, ரப்பர் ஊறிப் போனதற்கு அதுதான் காரணம். அதையும் மாற்றினேன். மேனிஃபோல்ட் திறந்திருக்கும்போது அந்த ஓட்டைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள் அண்ணே, ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். மூடும்போது மேனிஃபோல்டுக்குப் புது கேஸ்கெட் கட்டாயம். பழசையே வைத்தால் காற்று உறிஞ்சி மறுபடி மிஸ் அடிக்கும், நீங்கள் புதுக் காயிலைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பீர்கள்.